திருப்பிப் பார்க்கும் ஐயா

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த அன்று, நான் துடைத்துப் போட்ட பிளாஸ்டிக் கதிரையில் அவர் உடனே உட்காரவில்லை. கதிரையைத் தூக்கிக் கவிழ்த்தார். நாலு காலையும் தட்டிப் பார்த்தார். இருக்கையின் அடியில் ஒரு வெடிப்பு இருந்தது. மாதக்கணக்காக அதில் உட்கார்ந்து எழும்பும் எங்களுக்கு அது தெரியாது. "பாத்தீரே பிள்ளை" என்றார், வெடிப்பை ஊரிலிருந்து கொண்டுவந்து எங்களுக்கு அன்பளிப்புச் செய்தவர் போல. பிறகு அதே கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டார்.

தேத்தண்ணி வந்தது. கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கி அடிப்பக்கம் பார்த்தார். பிஸ்கட்டைத் திருப்பிப் பார்த்தார். சுவரில் தொங்கிய கலண்டரைக்கூட ஆணியிலிருந்து கழற்றி, முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டினார். முன்னால் முருகன், பின்னால் வெறும் அட்டை. சாமான்கள் முடிந்ததும் எங்களைத் திருப்பத் தொடங்கினார்.

"பிள்ளைக்கு எந்த இடம்?"

"இங்கதான் ஐயா, புளியங்குளம்."

"அது இப்ப. அதுக்கு முதல்?"

"ஓமந்தைப் பக்கம்."

"அதுக்கும் முதல்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்பை விட்டுக் குசினி வாசலில் வந்து நின்ற அம்மா சொல்லிவிட்டார். "நாங்க மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலேருந்து வந்தவங்க ஐயா. எனக்கு அப்ப பதினாறு வயசு."

"அதுதானே பாத்தன்" என்று அவர் நிம்மதியாகச் சாய்ந்தார். கதிரை கிறீச்சிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெடிப்புக் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கக் கூடாதா என்று மனதார நினைத்தேன்.

விவசாயத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்று, எங்கள் வீட்டுத்திட்டத்துக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வீடும் வளவும் வாங்கியிருந்தார் அவர். யாழ்ப்பாணத்து ஆள். தகப்பனுக்குக் குளத்துக்குக் கீழே வயற்காணி கிடைத்து வன்னிக்கு வந்த குடும்பம். அதாவது எங்களைப் போல அவரும் வந்தவர்தான். ஆனால் அவரை யாரும் "அதுக்கும் முதல்?" என்று கேட்டதில்லை. அவருடைய சொந்தப் பெயரை ஊரில் யாரும் பாவிக்கவில்லை. முன்னால் "ஐயா", பின்னால் "மறுபக்கத்தார்". அவர் மனைவி நல்ல பகிடிக்காரி. கோயிலில் கண்டால் பொங்கல் பானை கொதித்து முடியும்வரை புருசனின் கதைதான் சொல்லுவா.

"கலியாணத்தண்டு ஐயர் எடுத்துக் குடுத்த தாலியை இந்த மனுசன் திருப்பிப் பாத்தவர், நகை செய்த பத்தற்ர முத்திரை இருக்கோ எண்டு. சனம் முழுக்க அறுகரிசியைக் கையில வைச்சுக்கொண்டு நிக்குது. மேளகாரர் ஊதி ஊதிக் களைச்சுப் போச்சினம்."

"முத்திரை இருந்ததோ அம்மா?"

"இருந்தது. இல்லாட்டி நான் தப்பியிருப்பன்."

நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தை அவருக்குக் கொடுத்தது முந்திரிகை. முந்திரிகை என்றால் எங்கள் பக்கத்தில் திராட்சை. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி பார்த்து வளர்ந்தவர்கள் கொட்டையை நினைத்துக்கொள்ள வேண்டாம். மாரி மழையும் விடியற்காலைப் பனியும் சேர்ந்தால் முந்திரிகை இலையில் எண்ணெய் சிந்தியது போல மஞ்சள் புள்ளிகள் விழும். மேலிருந்து பார்த்தால் பெரிய விசயமாகத் தெரியாது. இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளைப் பூஞ்சணம் பரவியிருக்கும். ஒரு கிழமைக்குள் இலை கருகும், பிஞ்சுக் குலை வாடி உதிரும். மேல்பக்கத்தை மட்டும் பார்த்தவன் அந்த வருசம் பழம் தின்ன மாட்டான். உத்தியோக காலம் முழுக்க இலையைத் திருப்பித் திருப்பி, கை தானாகவே எதையும் கவிழ்க்கப் பழகிவிட்டது. "திருப்பிப் பார், பிறகு கதை" என்பது அவருடைய வாய்ப்பாடு. காலை வணக்கத்துக்குப் பதிலாகவும் அதைத்தான் சொல்லுவார்.

ஒருமுறை அந்தப் பழக்கத்தால் எங்களுக்கு நன்மையும் நடந்தது. வீட்டுத்திட்டத்தில் எங்கள் வரிசைக்குப் பதினொரு வீடுகள். எல்லாவற்றுக்கும் கதவோடு பூட்டும் தந்திருந்தார்கள். புதுப் பூட்டு, பளபளவென்று. ஒரு நாள் அவர் எங்கள் பூட்டைத் திருப்பினார். பின்னால் ஓர் இலக்கம் அடித்திருந்தது. பக்கத்து வீட்டுக்குப் போய் அங்கேயும் திருப்பினார். அதே இலக்கம். பிறகு எங்கள் பூட்டின் திறப்பை வாங்கிக்கொண்டு வரிசையில் நடந்தார். பதினொரு கதவும் திறந்தன. ஒரு வீட்டில் குளித்துவிட்டு வந்த மனிதர் துவாயோடு கத்தினார். ஐயா அதைக் காதில் வாங்கவில்லை. ஒழுங்கையின் நடுவில் நின்று திறப்பை உயர்த்திப் பிடித்தார்.

"எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டு! ஒரு கள்ளன் ஒரு திறப்புச் செய்தால் காணும், பதினொரு வீடும் போச்சு. உங்கட ஆக்களுக்கு ஆர் எதைக் குடுத்தாலும் திருப்பிப் பாக்கத் தெரியாது."

அந்த "உங்கட ஆக்கள்" எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. ஆனாலும் அன்றைக்கே எல்லோரும் பூட்டை மாற்றினோம். இந்தப் பூட்டுக் கதையை மறந்துவிடாதீர்கள். அவர் மறந்துவிட்டார்.

அவருடைய பெரிய வேலை, முந்திரிகைக் கொடி ஒன்றைப் பிறப்பித்தது. பழைய கொடியின் பூவுக்கு வேறொரு கொடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவி, விழுந்த விதைகளைத் தயிர்ச் சட்டிகளில் முளைக்க வைத்தார். மகரந்தம் கொடுத்த கொடி, அவர் மலைநாட்டில் வேலை செய்த காலத்தில் கொண்டுவந்தது. எங்களை எங்கிருந்து என்று மூன்று தரம் கேட்டவரின் கொடிக்குத் தகப்பன் மலைநாட்டான்! வளவு முழுக்கத் தயிர்ச் சட்டிகள். அவ்வளவு தயிரையும் தின்று தின்று தனக்குத் தடிமன் மாறவேயில்லை என்று மனைவி சொல்லுவா. மாரியில், எது தாங்கும் என்று பார்க்க, அந்தக் கன்றுகளில் நோய் பிடித்த இலைகளைக் கொண்டுபோய்த் தேய்த்தார். எல்லாம் வெள்ளை பிடித்தன. ஒன்றே ஒன்று மட்டும் துளி வெள்ளையில்லாமல் பச்சையாக நின்றது. அதைக் கிணற்றடியில் நட்டு, மற்றதையெல்லாம் பிடுங்கி ஒழுங்கை மூலையில் எறிந்தார்.

எறிந்ததில் ஒன்றை என் அம்மா எடுத்துவந்தார். அம்மாவுக்கு எதையும் எறியப் பிடிக்காது. குசினித் தண்ணீர் போகும் வாய்க்கால் ஓரம் நட்டு, வேலியில் படர விட்டார். ஒவ்வொரு மாரியும் அதில் கொஞ்சம் வெள்ளை வரும். நாலைந்து இலை கருகும். பிறகு தளிர்க்கும். புளிப்பாகக் கொஞ்சம் பழமும் தரும். நாங்கள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

ஐயாவின் கொடி மூன்று மாரி மருந்தில்லாமல் நின்றதும், ஊருக்கு நடுவதற்குத் தடி வெட்டிக் கொடுக்கத் தொடங்கினார். தடி சும்மா கிடைக்காது. முதலில் பழைய கொடியை வேரோடு பிடுங்க வேண்டும், அதை அவர் நின்று கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஈரச் சாக்கில் சுற்றிய தடி கைக்கு வரும். அடுத்தது, மருந்து அடிக்கக் கூடாது. துருசும் சுண்ணாம்பும் கலந்த நீல மருந்தை யாராவது தொட்டால், பிள்ளைக்கு நஞ்சு வைத்தவர்களைப் பார்ப்பது போலப் பார்ப்பார். மூன்றாவது, மாரிக்கு முன்னமே கொடியைக் கவாத்து வெட்டிவிட வேண்டும். அப்போதுதான் தைப்பொங்கலுக்கு வேறெங்கும் முந்திரிகை இல்லாத நேரம் எங்களிடம் பழம் இருக்கும். மழைக்குள் பிஞ்சு விடுகிற பைத்தியக்கார வேலையை முன்பெல்லாம் யாரும் செய்ததில்லை. நாங்கள் செய்தோம். நானும் வெண்டியையும் மிளகாயையும் அழித்து நாற்பது கொடி நட்டேன். ஊரிலேயே பெரிய பந்தல் என்னுடையதாயிற்று.

இரண்டு தைப்பொங்கலுக்கு நல்ல பழம் கண்டோம். அந்த நாட்களில்தான் ஒன்றைக் கவனித்தேன். கதிரையை, கோப்பையை, கலியாண அழைப்பிதழை, வைத்தியரின் மருந்துச் சீட்டை, எல்லாவற்றையும் திருப்பும் அந்தக் கை, தன்னுடைய கொடியின் இலையை மட்டும் திருப்பவில்லை. மேல்பக்கத்தைத் தடவிக் கொடுக்கும். அவ்வளவுதான்.

"ஐயா, இதைத் திருப்பிப் பாக்கேல்லையோ?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"பெத்த பிள்ளையைச் சந்தேகப்படுறதோ பிள்ளை?" என்றார். "இதுக்கு வராது. இனி வராது."

என் பந்தலுக்கு மூன்றாவது மாரி வந்தது. கொடிக்கு ஒரு பெயர் வைத்து, என் பந்தலைத் தாய்ப் பந்தலாக்கி, அங்கிருந்து இன்னும் நாற்பது குடும்பங்களுக்குத் தடி கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. அதற்கு ஒரு வயல் விழா. திணைக்களத்தில் இருந்து ஒரு பெண் அலுவலர் வந்து பார்த்து எழுத வேண்டும். ஐயா பெயர்ப் பலகை ஒன்றை எழுதி, துணியால் மூடித் தயாராக வைத்திருந்தார். நான் களவாகத் துணியை விலக்கிப் பார்த்தேன். கொடிக்கு வைத்த பெயர் அவருடைய பெயர்தான், முதலெழுத்தோடு.

பகிடி பண்ணப் போய்ப் பகிடி பண்ணுகிறவருக்கே பழக்கம் தொற்றிவிடும். விழாவுக்கு மூன்று நாள் முன்னர் என் கை தானாக ஒரு இலையைத் திருப்பியது. வெள்ளை. அடுத்த இலை, வெள்ளை. மழைக்குள் ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்தேன்.

அவர் இலையை மேலே இருந்து பார்த்தார். "தூசி."

ஒரு கிழமையாக விடாமல் நனைந்துகொண்டிருக்கும் பந்தலில் தூசி! "திருப்பிப் பாருங்கோ ஐயா" என்றேன். அவர் திருப்பவில்லை. என்னைத் திருப்பினார்.

"நீர் மருந்து கிருந்து அடிச்சனீரோ?"

"இல்லை."

"பழைய கொடி எங்கையும் ஒளிச்சு வைச்சிருக்கிறீரோ? உங்கட ஆக்கள் சொன்னாக் கேக்கிறேல்லை."

கண் குசினிப் பக்கம் போனது. விறுவிறுவென்று போய் அம்மாவின் கொடியில் ஓர் இலையைப் பிடித்தார். அதைத் திருப்பினார்! கொஞ்சம் வெள்ளை இருந்தது. "உதுதான். உதிலயிருந்துதான் வந்தது. இண்டைக்கே உதை வெட்டுங்கோ" என்றார். தான் எறிந்த கன்று அது என்பது அவருக்கு ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை.

அம்மா கையைக் கழுவிக்கொண்டு கொடிக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார். "அது பாட்டுக்குக் கெடக்கு ஐயா. வருஷா வருஷம் கொஞ்சம் வருது. வருஷா வருஷம் பொழைச்சுக்குது. வெட்ட வேணாம்."

"மனுசிக்கு என்ன தெரியும்?" என்று என்னிடம் சொன்னார். அம்மாவிடம் அவர் நேரே பேசியதேயில்லை. எப்போதும் "மனுசி"தான்.

விழாவன்று மழை கொஞ்சம் விட்டிருந்தது. கதிரைகள் போட்டோம். தடி வாங்க வந்த சனம் பந்தலுக்கு வெளியே ஈரச் சாக்குகளோடு நின்றது. ஓமந்தையில் இருந்து வந்த ஒரு பெண், தன் பழைய கொடிகளை முதல்நாளே பிடுங்கிவிட்டதாக ஐயாவிடம் பெருமையாகச் சொன்னாள். ஐயா என் தோளைத் தட்டி, அந்த அலுவலரிடம், "இவா எங்கட ஆள்" என்றார். இத்தனை வருசத்தில் முதல் தரம். அதைக் கேட்டு எனக்குச் சந்தோசம் வந்தது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன், வந்தது.

அலுவலர் என்னைவிட வயதில் இளையவர். மெல்லிய குரல்.

"அக்கா, இவ்வளவு கொடிக்கும் தடி எங்கையிருந்து எடுத்தனீங்கள்?"

"ஐயாட கிணற்றடிக் கொடி."

"எல்லாமே அந்த ஒண்டிலயிருந்தோ? மற்ற வீடுகளிலயும்?"

"ஓம் மிஸ்."

"பழைய இனம் ஏதும் விட்டு வைச்சிருக்கிறீங்களோ?"

"புடுங்கியாச்சு."

"மாரிக்கு மருந்து?"

"அடிக்கிறேல்லை."

அவர் எழுதுவதை நிறுத்தினார். ஐயா அவசரமாகக் குறுக்கே வந்து ஒரு கொடியின் இலையைத் தன் உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார். மேல்பக்கம் மேலே, அடிப்பக்கம் அவர் கைக்குள். கெட்டியாகப் பிடித்திருந்தார். அவருக்குத் தெரியும் என்று அந்த நிமிடத்தில்தான் எனக்கு விளங்கியது. மூன்று நாளாகத் தெரியும்.

நான் வாயைத் திறந்தால் தாய்ப் பந்தல் போச்சு, "எங்கட ஆள்" போச்சு. மூடினால் இந்த நாற்பது குடும்பமும் நோயைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகும். ஓமந்தைப் பெண் தன் சாக்கை மடியில் மடித்து வைத்துக்கொண்டு சிரித்தபடி இருந்தாள்.

"மிஸ்" என்றேன். "திருப்பிப் பாருங்கோ."

அவர் பக்கத்து இலையைத் திருப்பினார். வெள்ளை. ஐயா தன் மடியில் இருந்த கைலேஞ்சித் துண்டை எடுத்தார். இலையின் அடியைத் துடைத்தார். "பாருங்கோ, போட்டுது" என்றார். அடுத்த இலையைத் துடைத்தார். அதற்கடுத்ததை. கைலேஞ்சியால் ஒரு பந்தலைத் துடைக்கத் தொடங்கிய மனிதரைப் பார்த்துக் கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். இத்தனை வருசமாக அவரை நினைத்து நான் சிரித்த சிரிப்பெல்லாம் அன்று எனக்கு வரவில்லை. அவருடைய மனைவி வந்து கையைப் பிடித்து, "காணும் வாங்கோ" என்று கூட்டிப்போனா.

அலுவலர்தான் பிறகு எங்களுக்கு விளங்கப்படுத்தினார். ஐயாவின் கொடி பொய்யில்லை, நல்ல கொடி. ஆனால் அது நோயைத் தடுத்தது ஒரே ஒரு வழியால். பூஞ்சணம் ஒவ்வொரு மாரியும் கொஞ்சம் கொஞ்சம் மாறிக்கொண்டிருக்கும். அந்த ஒரு வழியைத் தாண்டத் தெரிந்த பூஞ்சணம் ஒன்று எங்கேயாவது உண்டானால் காணும். ஊர் முழுக்க அதே கொடி, மருந்தும் இல்லை, மழைக்குள் பிஞ்சு வேறு. அதற்குப் பிறகு அதை நிறுத்த ஒன்றுமில்லை. "ஒரு தடை காணாது அக்கா. வேற வேற மாதிரியான ரெண்டு மூண்டு தடை ஒரே கொடிக்குள்ள சேரவேணும். மருந்தையும் அடியோட விடப்படாது."

எங்கள் வரிசையில் நின்ற ஒருவர், "பதினொரு வீட்டுக்கும் ஒரே பூட்டு" என்றார். எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

அலுவலர் போகும்போது கை கழுவக் குசினிப் பக்கம் போனார். போனவர் திரும்பி வரவில்லை. பார்த்தால் அம்மாவின் கொடியடியில் குந்தியிருக்கிறார். எத்தனை வருசம்? மருந்து? ஒருக்காலும் இல்லையோ? நோய் முழுதாகப் பிடித்ததில்லையோ? அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். "இது நோயை வராமல் தடுக்கேல்லை. வந்தாலும் பெருக விடேல்லை. இப்பிடிப்பட்டதைத் தாண்டிப் போறது பூஞ்சணத்துக்குக் கஷ்டம். ஐயாவிட்ட சொல்லுங்கோ, ரெண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி."

அந்தப் பொங்கலுக்கு எங்களிடம் ஒரு குலையும் இல்லை. கருகிய கிளைகளை வெட்டி எரித்து, நீல மருந்து அடித்து, நாற்பதில் பாதியைக் காப்பாற்றினேன். மற்றப் பாதிக்குத் திரும்ப வெண்டி போட்டேன். தடி வாங்க வந்தவர்கள் வெறுஞ்சாக்கோடு திரும்பினார்கள். ஓமந்தைப் பெண்ணுக்கு ஒரு வருசம் போனது; ஆனால் நோயில்லாமல் போனது. ஐயா தெருவில் என்னைக் கண்டால் மற்றப் பக்கம் பார்ப்பார்; அலுவலர் சொன்னதைக் கோயிலில் அவர் மனைவியிடம்தான் சொல்லிவிட்டேன்.

கொடிகள் திரும்பப் பூக்கும் நேரம் ஒருநாள் எங்கள் வாசற் படலையடியில் நின்றார். கையில் ஒரு தயிர்ச் சட்டியும் தூரிகையும். நான் கதிரையைக் கொண்டுவந்து போட்டேன். அதைத் திருப்பிப் பார்க்காமல் உட்கார்ந்தார். எனக்குப் பயமாகப் போய்விட்டது.

"மனுசிட்டக் கேளும் பிள்ளை. அந்தக் கொடியில கொஞ்சம் பூ எடுக்கலாமோ எண்டு."

"எடுத்துக்கங்க ஐயா" என்றார் அம்மா, குசினிக்குள் இருந்தே. அவர் வேலிக்குப் போய் முதலில் ஓர் இலையைத் திருப்பினார். அடியில் பழைய வெள்ளையின் தழும்பு. "இருக்கு" என்று தலையாட்டினார். நோயைக் கண்டு அவர் சந்தோசப்பட்டதை நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

மறுபடி வளவு முழுக்கத் தயிர்ச் சட்டிகள். ஒவ்வொன்றிலும் தகரத்தை வெட்டி எழுதிச் சொருகிய அட்டை. ஒருநாள் அவர் மனைவிக்குக் கருவேப்பிலை கொடுக்கப் போனபோது ஒன்றை வாசித்தேன். "தாய்: எனது கொடி. தகப்பன்: மூலம் தெரியாது."

மூலம் தெரியாதாம்! ஒரு பிஸ்கட்டின் மூலத்தை விடாத மனிதர். எங்களை நிற்க வைத்து "அதுக்கும் முதல்" கேட்டவர். எங்கள் குசினிக் கொடி என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. கருவேப்பிலையைப் படலையில் தொங்கவிட்டுவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு நான் போகவில்லை. செத்த வீட்டுக்குத்தான் போனேன். அடுத்த மாரிக்கு முன்னரே நெஞ்சுவலியில் போய்விட்டார். அங்கேயும், பெட்டியின் அடிப்பலகை சரியோ என்று யாரும் பார்க்கவில்லையே என்று நினைத்தேன். அவ்வளவு கோபம்.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்ததும் அவர் மனைவி ஒரு லான்ட்மாஸ்டர் வண்டி நிறையத் தயிர்ச் சட்டிகளைக் கொண்டுவந்து எங்கள் முற்றத்தில் இறக்கினா. "இதுகளை உங்களிட்டத்தான் குடுக்கச் சொன்னவர்" என்றா. கோபம் போகாமலே ஒவ்வொன்றாக வேலியோரம் அடுக்கினேன். அந்த மாரி பாதிக் கன்றுகளில் வெள்ளை பிடித்தது. மீதி நிற்கின்றன. ஒன்றிரண்டில் மட்டும் கொஞ்சம் வரும், போகும். "இனி வராது" என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. இந்த வருசம் வரவில்லை என்று சொல்வேன்.

அந்த மாரி முடிந்து, சட்டியில் இருந்து மண்ணுக்கு மாற்றும்போது முதலாவது தகர அட்டையைப் பிடுங்கினேன். "மூலம் தெரியாது" என்பதை இன்னொரு தரம் வாசித்து இன்னொரு தரம் எரிச்சற்பட்டு, எறியப் போனேன். கை தானாகத் திருப்பியது.

பின்னால் ஆணியால் கீறி எழுதியிருந்தது. "பாக்கியம் அம்மா வீட்டுக் குசினியடிக் கொடி. நான் எறிந்தது. அவா வளர்த்தது."

எல்லாச் சட்டியின் அட்டையையும் பிடுங்கித் திருப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே வரி. அம்மாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.

"எம் பேரு தெரியுமா அவருக்கு?" என்றார் அம்மா.

தெரிந்திருக்கிறது. அதையும் பின்பக்கத்தில்தான் எழுதிவிட்டுப் போயிருக்கிறார், பாவி மனுசன்.